நான் பொறுக்கி எடுத்த மெயில் சர்வர்

ஆபீஸ்ல எனக்கு வெச்ச பேரு சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். ராயபுரத்துல எங்க தெருவுல இத்த ஒருத்தருக்கும் சொல்லிப் புரிய வெக்க முடியல. டிவி ரிப்பேரு பாக்குற ஆளுன்னு முடிவு கட்டிட்டாங்க. ரெண்டு வூட்லருந்து மிக்ஸி வேற தூக்கியாந்து குடுத்தாங்க. ஒண்ண சரி பண்ணிக் குடுத்துட்டேன். இன்னொண்ணு இப்பவும் எங்க பரண் மேலதான் கீது. அந்தம்மா என்னைப் பாத்தா இன்னும் மொறைக்கும்.

கம்பெனி, கப்பலுக்கு ஆளு அனுப்புற கம்பெனி. கல்மண்டபத்துக்குப் பக்கத்துல, ரெண்டு மாடி. ரெண்டாயிரம் பொறந்து மூணு நாலு வருசம் இருக்கும். அப்பல்லாம் யாரு வூட்லயும் கம்ப்யூட்டர் கெடையாது. கப்பல்ல இருக்கற ஆளு அங்க இருக்கற கம்ப்யூட்டர்ல தமிழ இங்கிலீஷ் எழுத்துல அடிச்சி வெப்பாரு. கப்பல்காரங்க ஒரு நாளைக்கு ரெண்டு தபா அத்தினியும் மூட்டை கட்டி சாட்டிலைட்ல அனுப்புவாங்க. அது எங்க ஆபீஸ் சர்வருக்கு வந்து சேரும். ஒவ்வொரு ஆளுக்கும் அவரு பேர்ல ஒரு மெயில் பெட்டி. ஆளு நடுக்கடல்ல இருப்பாரு, பெட்டிய தொறக்கறது அவரு பொண்டாட்டி, இல்ல அம்மா. மாடிப்படிக்குக் கீழ ஒரு கம்ப்யூட்டர் போட்டு வெச்சிருந்தோம். அதுல வந்து ஒக்காந்து, புருசன் பேர அடிச்சி, பாஸ்வேர்டப் போட்டு, படிச்சிட்டு, அங்கருந்தே பதிலும் போடுவாங்க. யாரும் இத்த தப்பா நெனைக்கல. ரேஷன் கார்டுல கூட குடும்பத் தலைவர் பேருதான கீது.

எங்க அக்காவும் அந்த வரிசையில ஒருத்தி. திருவொத்தியூர்ல வூடு. வண்ணாரப்பேட்டையில ஒரு ரெடிமேட் கடைக்கு வூட்லருந்தே பட்டன் தெக்கற வேலை. செவ்வாக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் சாப்பாட்டு நேரத்துல ஷேர் ஆட்டோ புடிச்சி வந்துடுவா. மாமா கப்பல்ல என்ஜின் ரூம்ல ஆயில்மேன். கல்யாணமாயி ஏழு வருசம். பத்து மாசம் கடல்ல, ரெண்டு மாசம் வூட்ல. கொழந்த இல்ல. அந்த ரெண்டு மாசத்துலயும் மாமா வாயத் தொறந்து ரெண்டு வார்த்த பேசிட்டாருன்னா அன்னிக்கு மழ வரும். "தம்பி, சாப்டியா"ன்னு கேப்பாரு. நான் ஒரு கதைய எடுத்து வுட்டா, கேட்டுகினே தூங்கிடுவாரு. ஆனா கப்பல் ஏறிட்டா போதும், பக்கம் பக்கமா எழுதுவாரு. அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும். "வூட்ல இருக்க சொல்ல என்னோட குடும்பம் நடத்துறது ஒரு ஆளு, கடல்லருந்து எழுதுறது வேற ஒரு ஆளுடா. எனக்கு அந்த ரெண்டாவது ஆளத்தான் ரொம்பப் புடிக்கும்"னு சொல்வா.

சர்வர் ரூம் கண்ணாடி வழியா பாத்தா மாடிப்படி தெரியும். ஸ்கிரீன பாத்து தனியா சிரிச்சிகினு இருப்பா. யாராவது அந்தப் பக்கம் போனா முந்தானைய எடுத்து ஸ்கிரீன மூடுவா. அடுப்புல பால் பொங்குனா துணியால புடிக்கற மாதிரி ஒரு அவசரம். ஒத்த வெரலால பதில் அடிப்பா. அரை மணி நேரம் ஆவும். பின்னாடி நிக்கற ஆயா, "யம்மா, லெட்டரா எழுதற, பத்திரமா எழுதற?"ன்னு கேக்கும். பழைய லெட்டருங்களயும் மறுபடி மறுபடி படிப்பா. ஏழு வருசத்து லெட்டரும் அந்தப் பெட்டியிலதான் இருந்துச்சு.

இப்ப சர்வர் கதைக்கு வரேன். ஆபீஸ்ல ஒரு ஆளுக்கு மூணு பாஸ்வேர்டு. கம்ப்யூட்டரத் தொறக்க ஒண்ணு, மெயிலுக்கு ஒண்ணு, ஆளுங்க ரெக்கார்டு பாக்க ஒண்ணு. மூணுக்கும் மூணு தனித்தனி லிஸ்ட். ஒருத்தன் வேலைய வுட்டுப் போனா மூணு எடத்துலயும் நான் போயி பேர எடுக்கணும். ரெண்டு எடத்துல எடுத்துட்டு டீ குடிக்கப் போயிடுவேன். அப்டிப் போன ஒரு டீயில, போட்டிக் கம்பெனிக்குத் தாவுன ஒருத்தன் ஆறு மாசமா எங்க மெயில ஒக்காந்து படிச்சிகினு இருந்தான்.

எங்க மேனேஜர கேப்டன்னுதான் எல்லாரும் கூப்புடுவோம். நெசமாவே கப்பல் ஓட்டுன மனுசன். அவரு என்னைக் கூப்ட்டு ஒரு கால் மணி நேரம் கப்பல் பாஷையில திட்டுனாரு. முடிவுல, ஒரே லிஸ்ட் இருக்கணும், ஒரு எடத்துல பேர எடுத்தா எல்லா எடத்துலயும் போயிடணும், அதுக்கு ஒத்து வர மெயில் சர்வரா பாத்து எடுன்னுட்டாரு.

ஹார்பர் கேட் பாஸ் மாதிரின்னு வெச்சிக்கங்க. ஒவ்வொரு குடோன்காரனும் தனித்தனியா நோட்டு வெச்சி யார உள்ள வுடலாம்னு பாக்கத் தேவயில்ல. பாஸ் ஆபீஸ்ல ஒரே நோட்டு. குடோன்காரன் அங்க கேட்டா, "ஆமா, உள்ள வுடு"ம்பாங்க, இல்ல "அப்டி ஆளே இல்ல"ம்பாங்க. அந்த ஒரே நோட்டுக்கு கம்ப்யூட்டர்ல டைரக்டரின்னு பேரு. அத்த நான், கப்பல் ஆளுங்க கணக்கப் பாக்குற க்ரூ செக்‌ஷன் ரெக்கார்டோட கோத்து வுட்டேன். அங்க ஒரு ஆளோட ரெக்கார்ட மூடுனா, டைரக்டரியிலயும் பேரு போயிடும். மெயில் சர்வர் மட்டும் பாக்கி.

ரிச்சி தெருவுல சிடியா வாங்கிக் குமிச்சேன். மூணு சாஃப்ட்வேர் கையில நின்னுச்சு. மொதலாவது, ஊரே வெச்சிருந்த பழசு. அது ஒவ்வொரு ஆளுக்கும் அதே மிஷின்ல ஒரு கணக்கு இருக்கணும்னு அடம் புடிச்சிது. டைரக்டரிய கேளுடான்னா, யாரு அது, எங்களுக்கு அறிமுகம் இல்லியேன்னுச்சு. அதோட செட்டிங் ஃபைலத் தொறந்தா காக்கா மையில கால நனைச்சிட்டு நடந்த மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது, ஆளுக்கொரு லைசென்ஸ் வாங்கணும். அதுவும் அவங்க கம்பெனி டைரக்டரியத்தான் மதிக்கும். கேப்டன் அவங்க வெல போட்ட பேப்பரப் பாத்துட்டு அப்டியே மடிச்சி ஃபேன் காத்துல பறக்காம இருக்க டம்ளருக்கு அடியில வெச்சாரு. மூணாவது இனாம். சொன்ன பேச்சு கேக்கும். இந்த ஆளு உண்டா, பாஸ்வேர்டு சரியா, இவரு மெயில எங்க வெக்கணும், எல்லாத்துக்கும் டைரக்டரிய ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் மேல போவும். மூணு மாசம் மல்லாடி, லினக்ஸ்ல அத்த ஓட வெச்சேன்.

ஒரே ஒரு கொற. டைரக்டரியில பேரு போனா அது உள்ள வுடாது, அவ்ளதான். பழைய மெயில அழிக்காது. பெட்டி அப்டியே கெடக்கும். ஹார்ட் டிஸ்க்கோ சின்னது. நான் ஒரு பத்து வரி ஸ்கிரிப்ட் எழுதுனேன். தெனம் காலையில ஆறு மணிக்கு அது எழுந்து, பெட்டிங்களயும் டைரக்டரியயும் வெச்சிப் பாக்கும். டைரக்டரியில இல்லாத ஆளோட பெட்டிய வழிச்சிப் போட்டுடும். ஞாயித்துக்கிழமை எல்லாப் பெட்டியயும் வேற ஒரு டிஸ்க்ல காப்பி எடுக்கும். காப்பியும் அச்சு அசல் அதே மாதிரி இருக்கணும்னு, இங்க இல்லாதத அங்கயும் அழிக்கச் சொல்லி வெச்சிருந்தேன். சுத்தக்காரன் நானு. வூட்ல என் மேசையப் பாத்தா நம்ப மாட்டீங்க.

கேப்டனுக்கு டெமோ காட்டுனேன். சும்மா ஒரு பேரு உண்டாக்கி, ரெக்கார்ட மூடுனேன். கம்ப்யூட்டர் அந்த ஆள உள்ள வுடல, மெயிலு வுடல, மறுநாளு காலையில பாத்தா பெட்டியும் காணாமப் போச்சு. மொத்தம் ஒரே ஒரு கிளிக். கேப்டன் கை குடுத்தாரு. அன்னிக்கு எல்லாருக்கும் நான் சமோசா வாங்கியாந்தேன். அக்காவும் வந்திருந்தா. புது சர்வர் எப்டிக்கான்னு கேட்டேன். சீக்கிரம் தொறக்குதுடான்னு சொல்லிட்டு ரெண்டு சமோசா எடுத்துகினு போனா.

அதுக்கப்றம் நாலு மாசமோ அஞ்சு மாசமோ. ஒரு வியாழக்கிழமை கேப்டன் ரூமுக்குக் கூப்ட்டாரு. கதவ சாத்துனாரு. ஒக்காருன்னாரு. அத்தினி வருசத்துல அவரு என்னை ஒக்காரச் சொன்னதே இல்ல. வேலையிலருந்து தூக்கப் போறாருன்னு நெனைச்சி, எதுக்கும் ஒரு ஜோக்கு ரெடி பண்ணிகினேன். மாமா தவறிட்டாருன்னாரு. என்ஜின் ரூம்ல நெஞ்ச புடிச்சிகினு ஒக்காந்தவரு எழுந்திரிக்கல. கப்பல் கரைக்கு வர இன்னும் ரெண்டு நாளாவும்.

அக்காகிட்ட போயி நான்தான் சொன்னேன். எப்டி சொன்னேன்னு இங்க எழுத முடியல.

கடல்ல போனவரு ஒடம்ப வூட்டுக்குக் கொண்டாரது சாதாரண வேலை கெடையாது. ஏகப்பட்ட பேப்பர். அந்தப் பேப்பருங்க எதுவும், ஆளோட ரெக்கார்ட மூடாம எங்க கம்ப்யூட்டர்லருந்து வெளிய வராது. க்ரூ செக்‌ஷன்ல ஒரு மேடம் இருந்தாங்க. ரிட்டயர் ஆவற வயசு. அக்காவ நல்லா தெரியும், வரும்போதெல்லாம் தலையில வெச்சிக்கன்னு மல்லிப்பூ குடுப்பாங்க. அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு வுட்டுருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அந்தப் பொண்ணு எத்தினி நாளு மூஞ்சியப் பாக்காம ஒக்காந்திருக்கும்னு, மறுநாளு வெள்ளிக்கிழமையே, சாப்புடாம கொள்ளாம ஒக்காந்து ரெக்கார்ட மூடி, பேப்பர அத்தினியும் எடுத்து அனுப்பிட்டாங்க. அதனாலதான் மாமா பதினோரு நாள்ல வூடு வந்தாரு. இல்லன்னா மாசக்கணக்காயிருக்கும்.

சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கு என் ஸ்கிரிப்ட் எழுந்துச்சு. ஞாயித்துக்கிழமை காப்பியும் எடுத்துச்சு. ரெண்டு நாளும் நான் திருவொத்தியூர்ல சாமியானாவுக்குக் கயிறு கட்டிகினு, வர்றவங்களுக்கு நாற்காலி போட்டுகினு இருந்தேன். அந்த ஞாயித்துக்கிழமை அக்கா என்னைத் தனியா கூப்ட்டு, லெட்டருங்கல்லாம் கீதான்னு கேட்டா. எங்க போவும், நான்தான காவலுன்னு சொன்னேன். அது பொய்யின்னு அப்ப எனக்குத் தெரியாது.

காரியம் முடிஞ்சி நான் ஆபீஸ் போனது ஒரு திங்கக்கிழமை. மறுநாளு வரேன், மொதல் லெட்டருலருந்து வரிசையா படிக்கணும்னு சொல்லியிருந்தா. கூட்டமில்லாம அவ ஒக்காரட்டும்னு உள்ள ஒரு கம்ப்யூட்டர் தயார் பண்ணலாம்னு மாமா பேரத் தேடுனேன். இல்ல. நான்தான் தப்பா அடிச்சிட்டேன்னு நெனைச்சி மறுபடி அடிச்சேன். அப்பவும் இல்ல.

ஸ்கிரிப்ட் என்ன பண்ணாலும் ஒரு ஃபைல்ல எழுதி வெக்கும். வெறும அழிச்சாச்சுன்னு எழுதுனா போரடிக்கும்னு, நான்தான் பஸ் கண்டக்டர் மாதிரி ஒரு வார்த்த போட வெச்சிருந்தேன். அந்த சனிக்கிழமை தேதிக்கு எதிர்ல மாமா பேரு. பக்கத்துல, "ரைட், போலாம்."

காப்பியில பாத்தேன், இல்ல. டிஸ்க்க கழட்டி எடுத்துகினு ரிச்சி தெருவுக்கு ஓடுனேன். அழிஞ்சத எடுத்துக் குடுக்கற ஆளு ரெண்டு நாளு வெச்சிருந்துட்டு, மேல மேல வேற எழுதிட்டியே நைனான்னு திருப்பிக் குடுத்தாரு. கப்பலுக்கு மெயில் போட்டுக் கேட்டேன். அனுப்புனதும் அங்க வெச்சிக்கறதில்லன்னு பதில் வந்துச்சு. கடைசியா கேப்டன்கிட்ட போயி நின்னேன். பூரா கேட்டாரு. அப்றம் மெல்ல, "சாஃப்ட்வேர் சரியாத்தான்யா வேலை செஞ்சிருக்கு"ன்னாரு. அவரு கப்பல் பாஷையில திட்டியிருந்தா தாங்கியிருப்பேன்.

க்ரூ செக்‌ஷன் மேடத்துக்கு நான் இத்த சொல்லவே இல்ல. இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

சொன்ன மாதிரியே அந்த செவ்வாக்கிழமை அக்கா வந்தா. சர்வர் ரிப்பேரு அக்கான்னேன். சரின்னுட்டு, கொஞ்ச நேரம் அந்த நாற்காலியிலயே ஒக்காந்துட்டுப் போனா. வெள்ளிக்கிழமை வந்தா. ரிப்பேரு. அடுத்த செவ்வா. பாம்பேலருந்து ஒரு பார்ட் வரணும்கான்னேன். வாய்ல வந்ததெல்லாம் சொன்னேன். ஊரையே சிரிக்க வெக்கறதா பீத்திக்கற வாயி, ஒத்த உண்மைய வெளிய வுட மாட்டேன்னுடுச்சு. அதுக்கப்றம் அவ வர்றதில்ல. எனக்கு நிம்மதியா இருந்துச்சு. இத்த எழுதவே வெக்கமா கீது, ஆனா நிம்மதியாத்தான் இருந்துச்சு.

யாரு எப்ப உள்ள நுழைய பாத்தாங்கன்னு டைரக்டரி ஒரு கணக்கு எழுதி வெக்கும். அத்த நான் தெனம் பாக்கறதில்ல. எப்பனாச்சும் ஒரு மத்தியானம் பொழுது போவலன்னா பாப்பேன். அப்டி ஒரு நாளு பாத்தா, வரிசையா மாமா பேரு. எங்க ஆபீஸ்லருந்து இல்ல, வெளியருந்து, காசு குடுத்து நெட் பாக்கற ஏதோ பிரௌசிங் சென்டர்லருந்து. புது சர்வர அங்கருந்தும் தொறக்கலாம். ஒரு வாரமா, தெனம் சாப்பாட்டு நேரத்துக்கு. ஒரு நாளு மூணு தபா, ஒரு நாளு ஏழு தபா. நான் பாத்த அன்னிக்கு மட்டும் பதினோரு தபா. ஒவ்வொரு தபாவும் என் சர்வர் பொறுமையா டைரக்டரிய கேட்டு, ஒரே பதிலச் சொல்லிகினு இருந்துருக்கு. இங்கிலீஷ்லதான் இருக்கும் அது. அப்டி ஒரு ஆளே இல்லன்னு அர்த்தம்.

அப்பவே எழுந்து அக்கா வூட்டுக்குக் கெளம்புனேன். எண்ணூர் ரோட்ல கண்டெய்னர் லாரி வரிசைகட்டி நிக்குது, ஆட்டோ நவுரல. பாதியில எறங்கி நடந்தேன். நான் போவ சொல்ல அக்கா சட்டைங்கள மடியில குமிச்சி வெச்சி நூலு வெட்டிகினு இருந்தா. எனக்கு டீ போட எழுந்தா. ஒக்காருக்கான்னேன்.

"ரிப்பேரு இல்லக்கா."

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"ரிப்பேருன்னா அப்றம் வான்னு சொல்லும். இது அந்த ஆளே இல்லன்னு சொல்லுது. சென்டர்ல இருக்கற பொண்ணுகிட்ட கேட்டேன், அர்த்தம் சொல்லுச்சு." கத்திரிய கீழ வெச்சா. "உன் வாயால வரட்டும்னு இருந்தேன்."

சொன்னேன். லிஸ்ட்டு, ஸ்கிரிப்ட்டு, சனிக்கிழமை, ஞாயித்துக்கிழமை, எல்லாத்தையும். அந்த கண்டக்டர் வார்த்தைய மட்டும் சொல்லல. நான்தான்கா அழிச்சேன்னேன். அடிப்பான்னு பாத்தேன், திட்டுவான்னு பாத்தேன். சட்டைங்கள ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிகினு இருந்தா. அடுக்கி முடிச்சி, மறுபடி கலச்சி, மறுபடி அடுக்குனா.

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும். நீ எப்பனாச்சும் அந்த லெட்டருங்கள படிச்சிருக்கியா?"

எனக்கு சுருக்குன்னுச்சு. என் வேலையில யாரு மெயில வேணா தொறந்து பாக்கலாம். நான் பாத்ததில்ல. என்கிட்ட இருந்த ஒரே ஒழுங்கு அதுதான். "சத்தியமா இல்லக்கா. உன் லெட்டர நான் போயி படிப்பேனா?"

"படிச்சிருக்கலாம்டா." என் மூஞ்சியவே பாத்துகினு சொன்னா. "படிச்சிருந்தா ரெண்டு பேருக்கு ஞாபகம் இருந்திருக்கும். எனக்கு ஒரு ஆளுக்கு எவ்ளதான் நிக்கும்?"

அந்த நேரத்துலதான் எனக்கு ஒண்ணு தட்டுச்சு. பழைய சர்வர்லருந்து புதுசுக்கு மாத்துன அன்னிக்கு, பழைய லெட்டருங்க ஒழுங்கா வந்துருக்கான்னு பாக்க நாலஞ்சு பெட்டியில ஒவ்வொண்ணு தொறந்து பாத்தேன். அதுல மாமாது ஒண்ணு. எழுத்து சரியா தெரியுதான்னுதான் பாத்தேன். ரெண்டு வரி கண்ணுல பட்டுச்சு. அக்காகிட்ட சொன்னேன்.

"சொல்லு"ன்னா. மொழங்கால கட்டிகினு ஒக்காந்தா.

"உன் தம்பி சொல்ற ஜோக்குக்கெல்லாம் சிரிக்காத. நீ சிரிக்கறதாலதான் அவன் இன்னும் திருந்தல."

ஏழு வருசத்து லெட்டர்ல மிச்சமானது இது ஒண்ணுதான். அதுவும் என்னைத் திட்டுனது.

அக்கா சிரிச்சா. மாடிப்படிக்குக் கீழ சிரிப்பாளே, அதே சிரிப்பு. முந்தானைய எடுத்து வாய மூடிகினா. தோளு குலுங்குச்சு. எப்ப அது அழுகையாச்சுன்னு எனக்குத் தெரியல. நான் எழுந்து தண்ணி கொண்டாந்தேன். குடிச்சா. மூஞ்சிய தொடச்சிகினா.

"அப்றம்? அதுக்குக் கீழ இன்னா எழுதியிருந்தாரு?"

"அதோட மூடிட்டேன்க்கா."

"ஏன்டா மூடுன?"

அவளே கண்ண மூடிகினு அந்த லெட்டர மேல சொல்லிப் பாத்தா. கப்பல்ல எலி வந்த கதைன்னா. சமையக்காரரு உப்பு போட மறந்ததுன்னா. வரும்போது இன்னா கலர் சேலை எடுத்தாரணும்னு கேட்டாருன்னா. ஒவ்வொண்ணும் ஒரு வரி வரைக்கும் வந்து நின்னுச்சு. நின்னதும் கண்ணத் தொறந்து, தலைய ஆட்டி, என்னைப் பாத்து சொல்வா, இல்லடா, அது வேற லெட்டரு.